தெருக் குளத்துக்கு 'நமக்கு நாமே' நிதி வாங்கிய அனுபவம்

வெள்ளம் வந்து வடிந்த பிறகு பணம் வருவது ஓரளவு சுலபம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்துச் சில வாரங்களிலேயே ரேஷன் கடையில் 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள், தேவையாகவும் இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளம் வீட்டுக்குள் வராமல் இருக்க இப்போதே ஏதாவது செய்யுங்கள் என்று போய் நின்றால், யாரிடம் கேட்பது என்பதே புரியாது. எங்கள் நலச்சங்கம் அதைக் கேட்டு வாங்கியது. எப்படி என்று விவரமாகவே எழுதுகிறேன், வேறு பகுதிக்காரர்களுக்கு உதவும்.

நாங்கள் இருப்பது தென்சென்னையில், பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தண்ணீர் இறங்கும் பக்கம். குடியிருப்பின் தாழ்ந்த மூலையில் ஒரு குளம் இருக்கிறது, அதாவது இருந்தது. வரத்துக் கால்வாயில் பாதி காணாமல் போய், நிரம்பிய தண்ணீர் வெளியேறும் கலங்கல் மண்மூடி, கட்டட இடிபாடும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது. 2015-லும் 2023-லும் முதலில் மூழ்கியது இந்தக் குளத்தைச் சுற்றியுள்ள வீடுகள்தான். தண்ணீர் நிற்க இடம் இல்லாவிட்டால் அது வேறெங்கே போகும்?

நகரத்துக்கு நிதி வராமல் இல்லை. 15-வது நிதிக்குழு பெருநகர வெள்ளத் தடுப்புக்கென்று ஏழு நகரங்களுக்கு 2,500 கோடி ஒதுக்கியதில் சென்னையின் பங்கு 500 கோடி. மழைநீர் வடிகால்களுக்குக் கொசஸ்தலையாறு பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், எங்கள் கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன். 2025-இல் மாநகராட்சியே பங்குச்சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி திரட்டியது. எல்லாம் அவசியமான வேலைகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கில் போடும் திட்ட அறிக்கையில் ஒரு தெருமுனைக் குளம் இடம்பெறாது. கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியோ சாலை, விளக்கு, பூங்கா என்று ஏற்கெனவே பிரிந்துபோயிருந்தது.

2024 ஜனவரி 26 அன்று, வார்டில் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் குளத்தைப் பற்றித் தீர்மானம் கொடுத்தபோதுதான் உதவிப் பொறியாளர் 'நமக்கு நாமே' திட்டத்தைச் சொன்னார். 1990-களில் தொடங்கிய திட்டம், 2021-இல் மறுபடி உயிர் பெற்றது. வேலைக்கான மதிப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். சரி, பணம்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு போனால், அவர் கேட்ட முதல் கேள்வி வேறு. "மேடம், காசு அப்புறம் பாத்துக்கலாம். இடம் யாரோடதுன்னு பேப்பர் கொண்டாங்க."

இந்தப் பேப்பர்தான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. குளம் புறம்போக்கு என்றால் பெரும்பாலும் வருவாய்த்துறைப் பதிவில் இருக்கும். மாநகராட்சி அதில் செலவு செய்ய வேண்டுமானால் தடையின்மைச் சான்று வேண்டும். பதிவேட்டில் ஒரு பரப்பு, நில அளவை வரைபடமான புலப்படத்தில் இன்னொரு பரப்பு, நேரில் போனால் இரண்டும் இல்லை. எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் நகரவே இல்லை. கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பின் நிலை என்ன என்று எழுதிக் கேட்டோம், அதன் பிறகுதான் சர்வேயர் வந்தார். அளந்து கல் நட்ட அன்று, எல்லைக்குள் இருக்கும் இரண்டு சுற்றுச்சுவர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தப் பகுதியைத் தனி வழக்காக விட்டுவிட்டு மீதிக் குளத்துக்கு மட்டும் மதிப்பீடு போடலாம் என்று பொறியாளர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். முழுக் குளமும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னும் கோப்புதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கிடையில் நாங்களாகவே செய்த ஒரு காரியம் பெரிதும் உதவியது. எங்கள் தெருக் கொத்தனாரை வைத்து டியூப் லெவல் பிடித்தோம். கட்டடத் தளத்தில் தினமும் பார்ப்பதுதான், நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் ஆள் நின்று, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சுவரில் கோடு போடுவது. வீடு வீடாக மிக்ஜாம் வெள்ளம் சுவரில் விட்டுப்போன அழுக்குக் கோட்டைப் பெயிண்டில் குறித்து, அதை ஒப்பிட்டுச் சாலை எவ்வளவு தாழ்வு, வடிகால் வாய் எவ்வளவு உயரம் என்று ஒரு தாளில் வரைந்தோம். பார்த்தால், குளத்துக்குள் தண்ணீர் விட வேண்டிய வடிகால் வாய் சாலையைவிட அரை அடி மேலே இருந்தது! ஒவ்வொரு முறையும் சாலை முழுக்க நிரம்பிய பிறகுதான் குளத்துக்கு ஒரு சொட்டு போயிருக்கிறது. பொறியாளர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு தன் கருவியால் மறுபடி அளந்து பார்த்தார். வெறும் தூர்வாரலாக இருந்த மதிப்பீட்டில் வடிகால் வாயைத் தாழ்த்துவது, மண்ணைப் பிடித்து நிறுத்தும் வண்டல் தொட்டி, கலங்கல் சீரமைப்பு மூன்றும் சேர்ந்தன. மொத்தம் 24 லட்சம், எங்கள் பங்கு 8 லட்சம்.

வசூல் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை முதலில் முயன்றோம். கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டியவர்கள், பேரிடர் மேலாண்மையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நேரடியாக வாங்கச் சங்கத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், அதன் மேல் சமூகப் பொறுப்பு நிதி வாங்குவோருக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எல்லாம் வேண்டியிருந்தது. சங்கப் பதிவுச் சட்டத்தில் மட்டும் பதிந்திருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். ஆகவே வீடு வீடாகப் போனோம். தாழ்ந்த தெருக்காரர்கள் யோசிக்காமல் கொடுத்தார்கள். மேட்டுத் தெருவில் "எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலையே" என்றார்கள். அவர்களைக் கடைசியில் சம்மதிக்க வைத்தது கரண்ட். மிக்ஜாமில் டிரான்ஸ்பார்மர் பக்கம் தண்ணீர் ஏறி, மேடு பள்ளம் பார்க்காமல் எல்லோருக்கும் நாள்கணக்கில் மின்சாரம் நின்றது, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அதை நினைவுபடுத்தினோம். வாடகைக்கு இருப்பவர்கள் கேட்காமலே கொடுத்தார்கள், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகளில்தான் பாக்கி நின்றது. எல்லாவற்றையும் ரசீது போட்டுச் சங்கக் கணக்கில் வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் கணக்கைப் போட்டு, வரைவோலையாகக் கட்டினோம். எங்களால் முடிந்திருந்தால் பாதித் தொகையைக் கட்டியிருப்போம், ஏனென்றால் 50 சதவீதமோ அதற்கு மேலோ கட்டினால் வேலையை மக்களே எடுத்துச் செய்ய வழி இருக்கிறது.

கால அட்டவணையை யாரும் நமக்குச் சொல்லமாட்டார்கள், அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச் 16-இல் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதி வந்துவிட்டது, ஜூன் முதல் வாரம் வரை புது வேலை எதற்கும் உத்தரவு கிடையாது. அப்புறம் நிலச் சான்று, மதிப்பீடு, வசூல், ஒப்பந்தப்புள்ளி. அக்டோபர் 15 மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அப்போது எங்கள் ஒப்பந்தப்புள்ளி முடிவாகாமல் கிடந்தது. பருவமழையில் குளத்தில் பொக்லைன் இறங்காது. ஆக 2025 ஜனவரிக்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் நிலப் பேப்பரைத் தேர்தல் இல்லாத ஆண்டின் ஜனவரிக்குள் கையில் வைத்திருங்கள், கோடைக்குள் மண் வேலை முடிய வேண்டும்.

வேலை நடந்தபோது ஒருவர் தினமும் அங்கே நின்றோம். வெட்டிய மண் லாரியில் வெளியே போகிறதா, கரையிலேயே கொட்டி மழைக்குத் திரும்ப உள்ளே வருகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். வடிகாலைத் திறந்தால் உள்ளே பல வீட்டுக் கழிவுநீர் இணைப்புகள், அவற்றில் சங்க உறுப்பினர்கள் வீடும் உண்டு. அதை அடைக்காமல் வாயைத் திறந்தால் குளம் சாக்கடைத் தொட்டியாகிவிடும் என்று ஒப்பந்ததாரரே நிறுத்திவிட்டார். இணைப்புகளைக் கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றிய பிறகுதான் வாயைத் தாழ்த்தினார்கள்.

அடுத்த பருவமழையில் குளம் நிரம்பிக் கலங்கல் வழியே வடிந்தது, தெருவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கியது. மிக்ஜாம் அளவு மழையை இந்தக் குளம் ஒன்றே தாங்காது, அதையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம்.

இப்போது ஓடுவது பராமரிப்புச் செலவு. எங்களுக்கு வந்த பணம் கட்டுவதற்கு மட்டும்தான், வண்டல் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறை அள்ளுவதற்கு அதில் ஒரு பைசா இல்லை. செப்டம்பர் 15 ஏரியா சபையில் அதை மாநகராட்சியின் வழக்கமான வடிகால் தூர்வாரும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்குகிறோம், மேட்டுத் தெருவும் கொடுக்கிறது.