நடுவர் தேர்வு: ஓடித் தேறலாம், படிவம்தான் பாடாய்ப் படுத்தும்

கால்பந்து நடுவர் தேர்வில் தேறிவிட்டேன். எழுத்துத் தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; 17 விதிகளையும் ஒழுங்காகப் படித்தவர்கள் எழுதிவிடலாம். ஒரு கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நேரடி ஃப்ரீ கிக்கை ஒருவர் தன் அணியின் கோலுக்குள்ளேயே நேராக அடித்துவிட்டால்? கோல் கிடையாது, எதிரணிக்குக் கார்னர் கிக். பலர் கோட்டை விட்டது இங்கேதான்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் விண்ணப்பத்தில். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வீராங்கனைகளுக்கான பதிவுப் படிவத்தை நீட்டினார். நடுவர் தேர்வுக்கு என்றதும், "அப்படியானால் பெண்கள் ஆட்டம் மட்டும்தான் நடத்துவேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். "வழக்கம்தான் அம்மா." 2022 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்கா–ஜெர்மனி ஆட்டத்தை நடத்தியவர் ஸ்டெஃபனி ஃப்ராபார், கொடி பிடித்த துணை நடுவர்கள் இருவரும் பெண்கள் என்றேன். "அதெல்லாம் கத்தாரில்" என்றார். சரி, திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா நடுவரானது எந்த நாட்டில் என்றேன். டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

இப்படி யார் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். கோப்பில் ஏறிவிட்டால் காலத்துக்கும் அதையே காட்டுவார்கள். நான் நேராக மேலதிகாரியிடம் போனேன். அவர் மறுபேச்சில்லாமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

உடற்தகுதித் தேர்வில் 40 மீட்டர் விரைவோட்டம் 6 முறை. பிறகு 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 முறை. அடுத்த விசிலுக்குள் நடைப் பகுதியில் கால் வைத்திருக்க வேண்டும். மண் மைதானத்தில் மட்டும் பழகியவர்கள் சில நாளாவது புல்தரையில் ஓடிப் பாருங்கள்.

உடை மாற்ற எங்களுக்கு ஒதுக்கியது பந்தும் வலையும் போட்டுவைக்கும் அறை, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி மாற்ற, வெளியே ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டிலிருந்தே உடுத்திக்கொண்டு போய்விடுங்கள். தந்த சட்டை ஆண்கள் அளவு; அட்டை வைக்கும் பை வயிற்றுப் பக்கம் தொங்கியது. தையற்காரர் பிரித்து மேலே ஏற்றித் தந்தார்.

சான்றிதழ் வந்தது, பெயருக்கு முன்னால் "திரு." போட்டு. திருப்பிக் கொடுத்தேன். இப்போது "செல்வி" இருக்கிறது, ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள், ஆண்கள் ஆட்டம்தான்.