அசெட்டிலிருந்து ஏசி-2 வரை: ஆவணக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

ஒரு அசெட்டின் (சர்வர் போன்ற கணினிச் சொத்தின்) ஐடியைக் கொடுத்தால் அதற்குரிய கன்ட்ரோல்களை (பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை) உட்பிரிவுகளோடு எடுத்துத் தருவதுதான் நாங்கள் ஆவணம் எழுதும் கருவியின் வேலை. தரவு, அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்டின் (NIST) ஆஸ்கல் (OSCAL) வடிவில், அதாவது பாதுகாப்பு ஆவணங்களை நிரல் படிக்கும்படி எழுதும் வடிவில், ஜேசன் கோப்புகளாக இருக்கிறது. கன்ட்ரோல்கள், நிஸ்டின் கன்ட்ரோல் தொகுப்பான 800-53-இன் ஐந்தாம் பதிப்புக் கேட்டலாகிலிருந்து வருகின்றன.

ஆவணத்தின் முதல் பக்கத்தில் தேடல் போகும் வழியை எழுதினோம். அசெட்டுக்கும் கன்ட்ரோலுக்கும் நேரடி இணைப்பு கிடையாது. பாதுகாப்புத் திட்டக் கோப்பில் அசெட் ஒரு இன்வென்டரி ஐட்டம், அதாவது இருப்புப் பட்டியலில் ஒரு பதிவு. அதில் காம்பொனன்ட்களின் (அமைப்பின் கூறுகளின்) யூயூஐடிகள், அதாவது தனித்துவ அடையாள எண்கள், இருக்கும். ஒரு காம்பொனன்ட் ஒரு கன்ட்ரோலை எப்படி நிறைவேற்றுகிறது என்று சொல்வது பை-காம்பொனன்ட் பதிவு. அந்த யூயூஐடி எந்தெந்த பை-காம்பொனன்ட் பதிவுகளில் வருகிறது என்று தேடி, அங்கிருந்து மேலே ஏறிக் கன்ட்ரோலைப் பிடிக்க வேண்டும்.

இங்கே தவறுவது எளிது. பை-காம்பொனன்ட் இரண்டு இடங்களில் வரலாம்: கன்ட்ரோல் தேவையின் நேர் கீழே, அல்லது அதன் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டின் (உட்பிரிவின்) கீழே. ஒரு இடத்தில் மட்டும் தேடினாலும் பட்டியல் வரும், முழுமையாகத்தான் தெரியும். விடுபட்டது கண்ணில் படாது. இரண்டு இடங்களையும் சுட்டிக்காட்டும் மாதிரிக் கோப்பு ஒன்றை அதே பக்கத்தில் வைத்தாயிற்று.

மார்ச் 4, செவ்வாய்

கேட்டலாகின் அடுக்குகளை விளக்க ஏசி-2, அதாவது கணக்கு மேலாண்மை, நல்ல எடுத்துக்காட்டு. ஒரே துறைக் கன்ட்ரோல்களின் குழுதான் குடும்பம். குடும்பத்துக்குள் கன்ட்ரோல். கன்ட்ரோலுக்குள் ஏ முதல் எல் வரை 12 உட்பிரிவுகள். டி, எச், ஐ மூன்றுக்கும் கீழே 1, 2, 3 என்று இன்னொரு அடுக்கு. இவை போக ஏசி-2(1) முதல் (13) வரை மேம்பாடுகள், அதாவது அடிப்படைக் கன்ட்ரோலை வலுப்படுத்தும் கூடுதல் தேவைகள். அவை ஏசி-2-க்குள்ளேயே தனிக் கன்ட்ரோல்களாக இருக்கின்றன. குடும்பத்தின் முதல் வரிசையை மட்டும் படிக்கும் நிரலுக்கு ஒரு மேம்பாடும் அகப்படாது. ஆழத்தை எண்ணிக்கையால் கட்டுப்படுத்தாமல், உள்ளே கன்ட்ரோலோ பகுதியோ இருக்கும் வரை இறங்கவேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ப்ரொஃபைல் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது, பிடிக்கவும் வேண்டும். கேட்டலாகிலிருந்து எந்தெந்தக் கன்ட்ரோல்களை எடுப்பது என்று சொல்லும் கோப்புதான் ப்ரொஃபைல். அதில் ஏசி-2 என்று எழுதினால் ஏசி-2 மட்டுமே வரும். மேம்பாடுகளும் வேண்டுமென்றால் வித்-சைல்ட்-கன்ட்ரோல்ஸ் என்பதற்கு 'யெஸ்' கொடுக்க வேண்டும். எதுவும் கொடுக்காவிட்டால் 'நோ' என்றே பொருள்.

'யெஸ்' கொடுத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. தாழ்நிலை, நடுத்தரம், உயர் என்ற அடிப்படைத் தொகுப்புகளைத் தரும் 800-53பி ஆவணத்தின் நடுத்தரத் தொகுப்பில் ஏசி-2-க்கு 1, 2, 3, 4, 5, 13 ஆகிய ஆறு மேம்பாடுகளே உண்டு. உயர் தொகுப்பில் இவற்றோடு 11, 12 சேரும். தாழ்நிலையில் ஒன்றுமில்லை. 'யெஸ்' கொடுத்தால் பதின்மூன்று மேம்பாடுகளும் வந்து, தணிக்கையில் தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டிவரும். அதனால் ஐடிகளை ஒவ்வொன்றாக எழுதுவதையே பரிந்துரைத்திருக்கிறோம். சரிபார்க்க எளிய வழி: நடுத்தரத் தொகுப்பை முழுதாக எடுத்தால் மேம்பாடுகள் உட்பட 287 வரவேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

பாராமீட்டர்கள். கன்ட்ரோல் வாசகத்தில் நிறுவனம் நிரப்ப வேண்டிய இடங்களில் பாராமீட்டர் ஐடி நிற்கும். ஒரு சுற்று மாற்றீடு செய்தால் ஏசி-2 சரியாக வந்துவிடும், ஏசி-7-இல் உடையும். தவறான லாகின் முயற்சிகள் வரம்பு மீறினால் என்ன செய்வது என்பதற்கு அங்கே பல தெரிவுகள். 'இத்தனை நேரம் கணக்கைப் பூட்டு' என்ற தெரிவுக்குள்ளேயே அந்த நேரம் இன்னொரு பாராமீட்டர். முதல் சுற்று தெரிவை நிரப்பும், உள்ளிருக்கும் ஐடி அப்படியே பயனர் திரைக்குப் போகும். மாற்ற எதுவும் மிஞ்சாத வரை சுற்ற வேண்டும். மதிப்பு தரப்படாத பாராமீட்டரை வெற்றிடமாக விடாமல் 'நிரப்பப்படவில்லை' என்று காட்ட வேண்டும். வெற்றிடம் இருந்தால் வாக்கியம் பொருள் மாறிப் படிக்கப்படும்.

மார்ச் 12, புதன்

இரண்டு சிறு திருத்தங்கள். ஐடியை எழுத்து வரிசையில் அடுக்கினால் ஏசி-10, ஏசி-2-க்கு முன்னால் வந்து நிற்கும். கேட்டலாகிலேயே உள்ள சார்ட்-ஐடியைப் பயன்படுத்துங்கள். ஏசி-2(10) விலக்கப்பட்டது, அதன் பொருள் ஏசி-2-இன் கே பிரிவில் சேர்ந்துவிட்டது. விலக்கப்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும், பழைய ஐடியைத் தேடுபவருக்கு அது எங்கே போனது என்று காட்டத்தான் வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

கடைசிப் பக்கம், வெற்று விடைக்கு. அதற்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்று. அசெட் ஐடியே கோப்பில் இல்லை. அசெட் இருக்கிறது, காம்பொனன்ட் இணைக்கப்படவில்லை. காம்பொனன்ட் இருக்கிறது, அதைக் குறிக்கும் பை-காம்பொனன்ட் இல்லை. இதுவரை மூன்றுக்கும் கருவி ஒரே வெற்றுப் பட்டியலைத்தான் தந்தது. பார்ப்பவர் 'இந்த சர்வருக்குக் கன்ட்ரோல் எதுவும் பொருந்தாது' என்று எடுத்துக்கொள்வார். மூன்றுக்கும் தனித்தனிச் செய்தியும், எந்தக் கோப்பில் எதைத் திருத்துவது என்ற வரியும் சேர்க்கப்பட்டன. 'பொருந்தாது' என்று திட்டத்திலேயே நிலை குறிக்கப்பட்ட கன்ட்ரோல்கள் இந்த வகையில் சேரா. அவை காரணக் குறிப்போடு பட்டியலில் வரும்.