கொடிப்பசலையும் அதன் வழவழப்பும்

வெப்பமண்டலத்தில் பாலக் கீரையை வளர்க்க முயன்று மூன்று முறை தோற்ற பிறகுதான் நான் கொடிப்பசலையின் பக்கம் திரும்பினேன். பாலக் குளிரை விரும்பும் செடி. வெயில் ஏறிவிட்டால் நாலு இலை பறிப்பதற்குள் நடுத்தண்டை நீட்டிப் பூத்துவிடும். இரண்டையுமே பசலை என்று அழைப்பவர்கள் உண்டு என்றாலும், அவை வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. பாலக் சுருண்டுபோகும் வெயிலில்தான் கொடிப்பசலை கைகால் முளைத்ததுபோலப் பந்தலேறுகிறது.

அதன் விதை மிகக் கடினமானது. ஓரிரவு ஊறவைத்து விதைத்தாலும் முளைக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். பொறுமையில்லாத என்னைப் போன்றவர்கள், பென்சில் கனமுள்ள தண்டைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஈரமண்ணில் ஊன்றிவிடலாம். கொடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான், ஆனால் பக்கக் கிளைகள் வெடிப்பது அதன் பிறகுதான். கொஞ்சம் நிழல் விழும் இடத்தில் இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரியும். மண் காய்வதும் நனைவதுமாக இருந்தால் கொடி பூக்கத் தொடங்கி இலை சிறுத்துவிடுகிறது என்பதால், தண்ணீர் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. இலையில் செந்நிற விளிம்புடன், நடுவில் வெளுத்த வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சையின் வேலை. அந்த இலைகளை அகற்றிவிட்டு, தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விட்டு வருகிறேன்.

சமையலில் என் முதல் முயற்சி பசையாக முடிந்தது. கழுவிய ஈரத்தோடே நறுக்கி, சட்டியை மூடி, குறைந்த தீயில் கால்மணி நேரம் வேகவைத்தேன். கரண்டியைத் தூக்கியபோது கீரை நூல்நூலாக இழுபட்டது. இலைக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் அந்த வழவழப்பு, நெடுநேரம் வெந்தால் வெளியே வராமல் என்ன செய்யும்? இப்போது கழுவிய கீரையை நன்றாக உலரவிட்டு, அகலமாக நறுக்கி, பூண்டு வதங்கிய எண்ணெயில், மூடி போடாமல் பெருந்தீயில் புரட்டி எடுக்கிறேன். நறுக்கிய தண்டை முதலிலும் இலையைப் பின்னாலும் சேர்த்தால், இலைக்கு இரண்டு நிமிடமே போதும். கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் வழவழப்பு நாவில் அவ்வளவாக உறைக்காது.

அதையே குறையென்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை. வெந்த பருப்பில் சேர்த்துக் கொதிக்கவிட்டால், மாவு கரைத்து ஊற்றாமலே குழம்பு கெட்டிப்படும். எனக்குப் பொரியலைவிட இதுதான் பிடித்திருக்கிறது. செந்தண்டு வகையின் நிறம் கொதிக்கும் நீரில் இறங்கிவிடும் என்பதால், அந்தச் சிவப்பு தட்டில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இளந்துளிரைப் பச்சையாகவே நறுக்கி மேலே தூவிக்கொள்ளலாம்.