எம்.டி. இரண்டு பேர்

எங்கள் மேலாளருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்த மெயில், காலண்டர், முகவரிப் பட்டியல் எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு சிஸ்டம் ஆட்கள் போய்விட்டார்கள். சார் சட்டைப் பையிலிருந்து ஆர்கனைசரை, அதாவது முகவரியும் காலண்டரும் வைத்துக்கொள்ளும் கையடக்கக் கருவியை எடுத்து, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கிரேடில் என்ற தாங்கியில் செருகி, இரண்டிலும் இருப்பதை ஒன்றுபோல ஆக்கும் சிங்க் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரம் திரையில் பட்டை ஓடியது. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது. எந்த மென்பொருளிலும் நான் நம்பாத ஒரே வரி அது.

பட்டியலைத் திறந்தால் எல்லாருமே இரட்டைப் பிறவி. ஆடிட்டர் இரண்டு, டாக்டர் இரண்டு. வாராந்திர மீட்டிங்குக்கு அலாரமும் இரண்டு தடவை அடித்தது. சார் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"என்னப்பா இது? ஒரு எம்.டி.யையே சமாளிக்க முடியல."

விஷயம் இதுதான். கருவியில் இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவுக்கு வேறோர் எண். எது எதற்கு ஜோடி என்ற கணக்கை சிங்க் மென்பொருள் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கு பழைய கம்ப்யூட்டரோடு போயிற்று. பெயர், நம்பர் எல்லாம் அச்சு அசலாக ஒன்றே என்றாலும், ஜோடி தெரியாததால் இரண்டு பக்கமும் இருப்பது அதற்குப் புது ஆட்கள். இதை அங்கே சேர்த்தது, அதை இங்கே சேர்த்தது. சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள் என்பதுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். யாருடைய தகவலும் தொலையக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், பாவம்.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே செட்டிங்கில் ஒரு வசதி உண்டு. முதல் தடவை மட்டும், 'கம்ப்யூட்டரில் இருப்பதே சரி, கருவியில் இருப்பதை அழித்து எழுது' என்று சொல்லிவிடலாம். இப்போதும் கெட்டுப்போகவில்லை, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் சுத்தம் செய்துவிட்டு அதை அழுத்தினால் போதும் என்றேன். 'அழித்து' என்ற சொல்லைக் கேட்டதும் சாருக்கு முகம் மாறிவிட்டது.

"அழிக்கிற வேலையே வேண்டாம்ப்பா. நானே கையால ஒவ்வொண்ணா டெலீட் பண்ணிக்கிறேன்."

1996-ல் வந்த முதல் பாம் பைலட் ஆர்கனைசரை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், அதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செய்து பையில் வைத்துக்கொண்டு, அதில் குறித்துக்கொள்வது போல நடித்துப் பார்ப்பாராம். சாருக்கு அந்த மரத்துண்டே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது. அதில் டூப்ளிகேட் விழாது.

சார் டூர் கிளம்பினார். போகிற இடத்திலெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் ஆர்கனைசரின் ஸ்டைலஸ் குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜோடியிலும் கீழே இருந்ததைத் தட்டித் தட்டி நீக்கினார். 'ரெண்டாவதா இருக்கிறதுதானே எக்ஸ்ட்ரா' என்பது அவர் நியாயம். இங்கே அலுவலகத்தில் அவருடைய செகரட்டரி மேடம், சார் திரும்பி வருவதற்குள் பட்டியலைச் சரிசெய்து வைத்து அசத்திவிடலாம் என்று கம்ப்யூட்டரில் அதே வேலையைத் தொடங்கினார். அவர் நீக்கியது மேலே இருந்ததை. 'பழசு போகட்டும், புதுசு இருக்கட்டும்' என்பது இவர் நியாயம். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது.

சார் வந்தார். கிரேடிலில் வைத்தார். அழுத்தினார்.

நீக்குவதும் சிங்க் மென்பொருளுக்கு ஒரு மாற்றம்தான். மேடம் நீக்கியதைக் கருவியிலும் நீக்கியது, சார் நீக்கியதைக் கம்ப்யூட்டரிலும் நீக்கியது. யார் பேச்சையும் தட்டவில்லை. மேடம் பட்டியல் முழுவதையும் முடித்திருந்தார். சார் 'எம்' எழுத்து வரைக்கும்தான் வந்திருந்தார். அதனால் 'என்' எழுத்திலிருந்து பெயர் தொடங்குகிறவர்கள் தலைக்கு ஒருவராகப் பிழைத்தார்கள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் இல்லை. எம்.டி.யும் இல்லை. கீழே 'வெற்றிகரமாக முடிந்தது' மட்டும் இருந்தது.

அறையில் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மேடம்தான், "கீழே இருந்ததையா சார் எடுத்தீங்க?" என்று கேட்டார். சார், "நீங்க ஏம்மா மேலே இருந்ததை எடுத்தீங்க?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நல்லவேளை, கம்ப்யூட்டரில் நீக்கியதெல்லாம் ஒரு ஃபோல்டரில் போய் விழுந்து கிடக்கும். திறந்தால் மேடம் நீக்கியது, சார் நீக்கியது எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. எதை யார் நீக்கியது என்று பிரிக்க வழியில்லை. "எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சார். எடுத்துப் போட்டேன். ஆடிட்டர் இரண்டு, டாக்டர் இரண்டு, எம்.டி. இரண்டு.

சார் பழக்கதோஷத்தில் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார். மேடம் ஆர்கனைசரை கிரேடிலிலிருந்து உருவி, தன் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இந்தத் தடவை நான் மட்டும் டெலீட் பண்றேன் சார்."