சுண்டெலி நுரையீரலில் சைட்டோகைன் அளக்கப் போகிறவர்களுக்கு

ரிசல்ட் கைக்கு வந்துவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. சோதனை நடந்த நேரத்தைவிட, அதற்கான ஃபைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்த நேரம்தான் பல மடங்கு அதிகம். எல்பிஎஸ் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள நச்சு) கொடுத்து சுண்டெலிக்கு நுரையீரல் காயம் உண்டாக்கி, டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6 ஆகிய சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் புரதங்களை) பார்க்கப் போகும் ஆராய்ச்சி மாணவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

முதலில் விலங்கு நெறிமுறைக் குழு. சுண்டெலி, எலி என்றால் மத்தியக் குழு வரை போக வேண்டியதில்லை, நம் நிறுவனத்தின் குழுவே அனுமதி தரலாம். அதற்கான விண்ணப்பமான ஃபார்ம் பி நிரப்புவது பெரிய வேலை இல்லை. எண்ணிக்கையில்தான் பிடித்துக்கொண்டார்கள். எல்பிஎஸ் கொடுத்து 2, 6, 24, 72 மணி நேரத்தில் மாதிரி எடுக்க என்று நான்கு சுண்டெலிக் குழுக்கள் கேட்டிருந்தேன். "எதுக்கு இத்தனை? 24 மணி நேரம் ஒண்ணு போதுமே, விலங்கு குறையும்" என்றார் ஒரு நிபுணர். விலங்கைக் குறைக்கச் சொல்வது அவர்கள் கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குறைத்த இடம் தப்பு.

எல்பிஎஸ் உள்ளே போனதும் நுரையீரலின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் டிஎல்ஆர்-4 என்ற ஏற்பி வழியாக அதை அடையாளம் கண்டு, சில மணி நேரத்திலேயே டிஎன்எஃப்-ஐக் கொட்டிவிடுகின்றன. அது உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கிய பிறகுதான் நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) கூட்டமாக வந்து நிறைகின்றன. 24 மணி நேரத்தில் மட்டும் எடுத்தால், பந்தலைப் பிரிக்கும்போது போய் மாப்பிள்ளை எங்கே என்று கேட்ட கதைதான். "டிஎன்எஃப் பெரிதாக ஏறவில்லை" என்று தீசிஸிலேயே எழுதிவிடுவோம்.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி: "இதனால மனுஷங்களுக்கு என்ன?" அந்த இடத்தில் கைடு காப்பாற்றினார். 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த வென்டிலேட்டர் ஆய்வை எடுத்துப் போட்டார். ஒரு மூச்சுக்கு, கணக்கிட்ட உடல் எடையில் கிலோவுக்கு 12 மி.லி. காற்று என்றிருந்ததை 6 ஆகக் குறைத்ததும் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. அந்தக் குழுவில் ரத்தத்தின் ஐஎல்-6 அளவும் கூடுதலாகக் குறைந்தது. கொரோனாவில் ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் கொடுத்த பிரிட்டன் ஆய்வில் 28 நாள் இறப்பு 35-லிருந்து 31 சதவீதம் ஆனது. யாருக்கு, எந்த நேரத்தில் அடைப்பது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல், அதனால்தான் நேரக் கணக்கு என்று முடித்தார். கடைசியில் 72 மணி நேரக் குழுவை விட்டுக்கொடுத்து 2 மணி நேரக் குழுவைக் காப்பாற்றினேன். என் தீசிஸில் உருப்படியாக ஒரு படம் இருக்கிறது என்றால் அது இந்த பேரத்தால்தான்.

அன்றைக்குக் கேட்கப்பட்டதில் நல்ல கேள்வி, வெளி உறுப்பினராக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டது. "மூச்சு வாங்கித் தவிச்சாலும் நேரம் முடியற வரைக்கும் வெச்சிருப்பீங்களாம்மா?" எடை எவ்வளவு குறைந்தால், மூச்சு எப்படி இருந்தால் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நீங்கள் முதலிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. சைட்டோகைன் ஏறியதை மட்டும் வைத்துக்கொண்டு நுரையீரல் காயம் என்று சொன்னால் எந்த ரிவியூவரும் விடமாட்டார். திசுச் சிதைவு, நுண்குழாய்த் தடுப்பில் கசிவு, அழற்சி, மூச்சுச் செயல்பாட்டில் குறை ஆகிய நான்கில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கத்தின் 2011 அறிக்கையே சொல்லியிருக்கிறது. ஆகவே இடது நுரையீரலைக் கட்டிவிட்டு ஹிஸ்டாலஜிக்கு (நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க) வைப்பது, வலதைக் கழுவி அந்தத் திரவத்தில் கசிவைக் காட்டும் ரத்தப் புரதமான ஆல்புமின் பார்ப்பது எல்லாவற்றையும் அதே ஃபார்ம் பி-யில் சேர்த்துவிடுங்கள். விட்டால் திருத்த விண்ணப்பம், அதற்கு அடுத்த கூட்டம், கோரம் இல்லை என்று ஒத்திவைப்பு.

இனி பர்சேஸ் செக்‌ஷன். சைட்டோகைன் அளக்கும் எலைசா கிட்டுக்கு (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து அளக்கும் சோதனைப் பெட்டி) மூன்று கொட்டேஷன் வாங்கி, கம்பேரடிவ் ஸ்டேட்மென்ட் போட்டு, குறைந்த விலைக்கு ஆர்டர் என்பது விதி. எழுத்தர் தேர்ந்தெடுத்த குறைந்த விலை கிட், மனித ஐஎல்-6 கிட்! "ஐஎல்-6 தானேம்மா கேட்டே, இதுவும் ஐஎல்-6 தானே?" என்றார். அவரைச் சொல்லி என்ன, கொட்டேஷன் அனுப்பிய டீலருக்குத் தெரிய வேண்டாமா? மனித ஐஎல்-6-க்கும் சுண்டெலி ஐஎல்-6-க்கும் அமினோ அமில ஒற்றுமை ஏறக்குறைய 40 சதவீதம்தான். இதற்கான ஆன்டிபாடி அதைப் பிடிக்காது. ஐஎல்-8 விஷயம் இதைவிட மோசம். சுண்டெலிக்கு அந்த ஜீனே கிடையாது, கேசி, எம்ஐபி-2 ஆகிய புரதங்கள்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. இண்டெண்டில் (கொள்முதல் கோரிக்கையில்) "சுண்டெலிக்கானது மட்டும்" என்று எழுதி, கேட்டலாக் எண்ணைப் போட்டு, இந்தப் பொருள்தான் வேண்டும், வேறு உதவாது என்கிற ப்ரொப்ரைட்டரி சான்றிதழும் கைடிடம் வாங்கி இணையுங்கள். அதன் பிறகு எனக்கு ஒரே கையெழுத்தில் நகர்ந்தது.

பெட்டி மீனம்பாக்கம் வந்து இறங்கியதும் அடுத்த கூத்து. ஆராய்ச்சி நிறுவனத்துக்கான சுங்கச் சலுகைக்கு டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவுச் சான்றிதழ் வேண்டும். அலுவலகம் அனுப்பியதோ காலாவதியான நகல். புதுப்பித்தது பீரோவுக்குள், சாவி வைத்திருப்பவர் பொங்கல் லீவில். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய கிட், ஜெல் பேக் உருகி அங்கேயே கிடந்தது. கைக்கு வந்தபின் ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) போட்டுப் பார்த்தால் அதன் வளைவு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

நல்லவேளை, பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் வைக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். வெப்பநிலை ஏறிய விவரம் அதில் அப்படியே இருந்தது. அதை அனுப்பியதும் டீலர் வாய் திறக்காமல் புது கிட் கொடுத்தார், அதுவும் சென்னையிலேயே அவரிடம் இருந்த ஸ்டாக்கிலிருந்து. இது முன்பே தெரிந்திருந்தால் இறக்குமதிப் பக்கமே போயிருக்க வேண்டாம். உள்ளூர் ஸ்டாக் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று முதலில் கேளுங்கள்.

லேப் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. இரண்டு எச்சரிக்கை மட்டும். கன்ட்ரோல் சுண்டெலியிலேயே ஐஎல்-6 ஏறினால், கண்ணாடிப் பாத்திரத்தையும் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலையும் சந்தேகப்படுங்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் எண்டோடாக்சின் (அதே எல்பிஎஸ்தான்) ஆட்டோக்ளேவில் நீராவியில் வைத்தால் போகாது, பாத்திரங்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அடுத்து, 2 மணி நேர மாதிரியை நீர்க்காமல் போட்டால் அதன் ஓ.டி. (நிறத்தின் அடர்த்தி அளவு) ஸ்டாண்டர்டின் உச்சத்தையே தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் இரட்டையாகப் போட்டால் ஒரு எலைசா தட்டில் ஸ்டாண்டர்டு போக 40 மாதிரிகள்தான் பிடிக்கும். எனவே நீர்ப்பு அளவை ஓரிரு மாதிரிகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பர்சேஸிலிருந்து போன். "ஆடிட்ல கேக்குறாங்கம்மா, அந்த மூணு கிட்டும் எங்கே?" 450 நானோமீட்டரில் படித்து முடித்த தட்டுகள் எப்போதோ மருத்துவக் கழிவோடு போய்விட்டன. ஸ்டாக் ரிஜிஸ்டரில் "செலவானது" என்று எழுதி, கைடின் கையெழுத்து வாங்கிய பிறகு தட்டைத் தூக்கிப் போடுங்கள்.