வாக்குமூலம் குடுக்கப் போறவைக்கு: அக்காவோட போய் வந்த அனுபவம்

போர்க்குற்ற ஃபைலுக்கு, அதாவது பொறுப்பானவையில வழக்குப் போட எண்டு லோயர்மார் சேர்க்கிற ஆதாரக் கோப்புக்கு, வாக்குமூலம் குடுக்கிறதெண்டா என்ன கேப்பினம், என்ன கொண்டு போகோணும் எண்டு முல்லைத்தீவுப் பக்கம் கன பேர் என்னட்டக் கேட்டிட்டினம், ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லி ஏலாமத்தான் எழுதுறன். எங்கட விசயம் இதுதான். 2009 மே 18, சண்டை முடிஞ்ச நேரம், முல்லைத்தீவு வட்டுவாகல்ல வச்சு அக்கா அத்தானைக் கொண்டுபோய் ஆமியிட்டக் கையளிச்சவ. இயக்கத்தில (புலிகளில) ஒருநாள் இருந்தாலும் வந்து பதியுங்கோ எண்டு ஸ்பீக்கரில சொன்னவை, அத்தான் பதிஞ்சவர், பஸ்ஸில ஏத்தினவை, அவ்வளவுதான். வன்னியில வீட்டுக்கு வீடு இருக்கிற கதை எண்டபடியா நீட்டேல்லை.

முதல்ல அக்கா வரமாட்டன் எண்டு நிண்டவ. பின்ன என்ன, அரசாங்கத்தின்ர நல்லிணக்க ஆணைக்குழு வந்தது அதுக்கும் சொன்னது, காணாமப் போனவையைப் பற்றி விசாரிச்ச பரணகம ஆணைக்குழுவுக்கும் சொன்னது, பிறகு ஓஎம்பி எண்டுற காணாமப் போனவைக்கான அலுவலகம். எல்லாரும் எழுதினவை, துண்டு தந்தவை, போனவை. சரி, இதுவும் ஒண்டு எண்டு நினைச்சுத்தான் கடைசியா வந்தவ. ஆனா இதில கேட்ட கேள்வியள் வேற மாதிரி இருந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முந்தின இடங்களில அத்தானைப் பற்றித்தான் கேட்டவை, பேர், வயசு, என்ன உடுப்பு, இயக்கத்தில என்ன வேலை எண்டு. இந்த முறை வாக்குமூலம் எடுத்த லோயர் பிள்ளை அத்தானைப் பற்றிக் கொஞ்சம்தான் கேட்டா, மிச்சம் முழுக்க அங்க நிண்ட ஆமிக்காரரைப் பற்றி. ஏனெண்டு கேட்டன். ஒரு ஜெனரலையோ அதுக்கு மேல இருந்த அரசியல்வாதியையோ கோட்ஸில ஏத்திறதெண்டா அவர் தன்ர கையால செய்தவர் எண்டு காட்டத் தேவையில்லையாம், செய்தவை அவரின்ர கட்டுப்பாட்டுக்குக் கீழ இருந்தவை, நடக்கிறது அவருக்குத் தெரியும் இல்லாட்டி தெரிஞ்சிருக்கோணும், தெரிஞ்சும் தடுக்கேல்லை, பிறகு தண்டிக்கவும் இல்லை எண்டு காட்டினாக் காணுமாம். கட்டளைப் பொறுப்பு எண்டு அதைத்தான் சொல்லுறவை. சனம் செத்தது, காணாமப் போனது எண்டதுக்கு ஆதாரம் மலை மாதிரிக் கிடக்கு, ஐநா நிபுணர் குழுவே 2011ல 40,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு எழுதிப் போட்டுது. குறைவா இருக்கிறது அந்த இடத்தில நிண்டவனுக்கும் மேல இருந்தவனுக்கும் நடுவில இருக்கிற சங்கிலி.

அக்கா அழத் தொடங்க அந்தப் பிள்ளை ஒண்டும் பேசேல்லை, பிளேன்ரீ குடுத்து அழ விட்டிட்டு, பிறகு ஒரு ஏ4 பேப்பரையும் பேனையையும் நீட்டி, "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிக் கீறுங்கோ, வடிவா இருக்கத் தேவையில்லை" எண்டா. எனக்கு உள்ளுக்க சிரிப்பு, அக்கா பள்ளிக்கூடத்திலயும் சித்திரத்தில கடைசி. ஆனா கீறினா பாருங்கோ. பாலம், நந்திக்கடல் ஒரு பக்கம், மற்றப் பக்கம் பெருங்கடல், கம்பி வேலி, பதியிற மேசை, பஸ் நிண்ட இடம், தான் நிண்ட இடம். கீறக் கீற வாயால வருது. மேசையில இருந்தவன் தமிழ் கொச்சையாக் கதைச்சவன், பக்கத்தில கொப்பி, கொப்பியில எழுதினது சிங்களத்தில. வெள்ளை வேட்டியோட ஆரோ பெரியவர் இல்லை, எல்லாம் ஆமி உடுப்புப் போட்டவைதான். "ஆர் ஆருக்கு சலூட் அடிச்சவை?" எண்டு கேக்க அக்கா கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டு, ஜீப்பில வந்து இறங்கின ஒருத்தனுக்கு மேசையில இருந்தவனே எழும்பி அடிச்சவன், அவன் கையைக் காட்டின பிறகுதான் பஸ் வெளிக்கிட்டது எண்டா. இவ்வளவு வருசத்தில ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. எனக்கே அண்டைக்குத்தான் முதல்தரம் தெரிய வந்தது.

அதால போறவைக்கு நான் சொல்லுறது, போக முதல் இதுகளை ஒருக்கா யோசிச்சுக்கொண்டு போங்கோ: தோளில, கையில என்ன அடையாளம், வாகனத்தில என்ன நம்பர், எந்தப் பக்கத்தால வந்தவை, ஆர் ஓடர் குடுத்தது, பக்கத்தில வேற ஆர் நிண்டது. ஞாபகம் இல்லாட்டி இல்லை எண்டே சொல்லுங்கோ. பேப்பரில பாத்ததையும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையும் நீங்கள் கண்ட மாதிரிச் சொல்லிப் போடாதேங்கோ, எதிர்ப்பக்க லோயர் பிடிக்கிறது அதைத்தான்.

பேப்பர் விசயத்திலதான் நாங்கள் நல்லா அலைஞ்சது. முந்திக் குடுத்த எல்லா வாக்குமூலத்தின்ர பிரதியும் வேணும் எண்டவை. ஒரு இடத்தில பதிஞ்சவர் திகதியை மே 16 எண்டு எழுதி வச்சிருக்கிறார், அக்காவுக்கு சிங்களம் தெரியாது, வாசிச்சுக் காட்டாம ஒப்பம் வாங்கினது. நான் அந்தப் பிரதியைக் குடுக்காம விடுவமோ எண்டு கேட்டன். லோயர் வேண்டாம் எண்டிட்டா. ஒளிச்சா நாளைக்கு எதிர்ப்பக்கத்தார் எடுத்து நீட்டுவினம், அதால சத்தியக் கடதாசியிலயே ஒரு பந்தி போட்டு ஏன் பிழையா வந்தது எண்டு எழுதினது. காணாமப் போன ஆளுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தவையும் அப்பிடித்தான், நட்டஈட்டுக்காகவோ காணி விசயத்துக்காகவோ எடுத்திருந்தா வெளிப்படையாச் சொல்லுங்கோ.

பிறகு சம்மதப் படிவம். இதை அவசரப்பட்டு ஒப்பம் வைக்காதேங்கோ. ஆருக்குக் குடுக்கலாம் எண்டு தனித்தனியாக் கேட்டிருக்கும்: ஐநாவுக்கு மட்டுமோ, வெளிநாட்டு வழக்குத் தொடுநர்மாருக்கும் குடுக்கலாமோ, பேர் வெளிய வரலாமோ எண்டு. அக்கா பேர் வேண்டாம் எண்டவ, மிச்சத்துக்கு ஓம். மனம் மாறினா பிறகு அறிவிக்கலாமாம். முந்தி ஒருக்கா வாக்குமூலம் குடுத்திட்டு வந்த கிழமை ஆரெண்டு சொல்லாம ஒருத்தன் போன் எடுத்து, எங்க போனனீங்கள் எண்டு கேட்டவன், அந்தப் பயம் இன்னும் போகேல்லை.

ஃபைல் எங்க போகும் எண்டது அடுத்த கேள்வி. ஹேக்கில இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கின ரோம் உடன்படிக்கையில இலங்கை ஒப்பம் வைக்கேல்லை, அதால அரசாங்கம் தானா ஒத்துக்கொள்ளாட்டி அந்த நீதிமன்றத்துக்கு ஐநா பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் வழி, வீட்டோ போட்டுத் தடுக்கக்கூடிய ரஷ்யாவும் சீனாவும் இருக்கேக்க அது நடக்கும் எண்டு நான் நம்பேல்லை. 2021ல ஐநா மனித உரிமைச் சபையின்ர 46/1 தீர்மானத்தோட ஜெனீவாவில ஆதாரம் சேர்த்துப் பாதுகாக்கிற பிரிவு ஒண்டு வந்தது, அது தானா வழக்குப் போடாது, வழக்குப் போடுற நாட்டுக்கு உதவும். மிச்சம் உலகளாவிய நியாயாதிக்கம், அதாவது குற்றம் எங்க நடந்தாலும் வேற நாட்டுக் கோட்ஸ் விசாரிக்கிறது. சிரியாவில சித்திரவதை செய்த கேர்ணல் ஒருத்தனுக்கு 2022ல ஜேர்மனியில ஆயுள்தண்டனை குடுத்தது அப்பிடித்தான். எங்கட பக்கம், போர்க்காலத்தில வன்னிப் படைத் தளபதியா இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலில தூதுவரா இருக்கேக்க 2017ல அங்க முறைப்பாடு போட்டவை, ஆள் அந்த மட்டில நாட்டுக்கு வந்திட்டார். ஃபைல் ரெடியா இல்லாட்டி இந்த மாதிரி நேரத்தில ஒண்டும் செய்யேலாது. 2025 மார்ச்சில பிரித்தானியா அவருக்கும், போர்க்காலத்தில ஆமியின்ர 58வது டிவிசன் தளபதியா இருந்த சவேந்திர சில்வாவுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் தடை போட்டது சந்தோசம்தான், எண்டாலும் தடையில சாட்சி ஏறாது, தீர்ப்பும் வராது.

உள்ளூர்க் கோட்ஸில ஒண்டும் வராது எண்டு சொல்லுறவைக்கு ஒரு விசயம். 2009ல ஆமியிட்டச் சரணடைஞ்சு காணாமப் போன, புலிகளின்ர திருகோணமலை அரசியல் பொறுப்பாளர் எழிலன்ர ஆட்கொணர்வு வழக்கை, அதாவது ஆளைக் கோட்ஸில கொண்டுவந்து காட்டச் சொல்லுற வழக்கை, 2013ல வவுனியா மேல் நீதிமன்றத்தில போட்டவை. முல்லைத்தீவு நீதிமன்ற விசாரணையில 58வது டிவிசன் அதிகாரி சரணடைஞ்சவையின்ர பட்டியல் இருக்கு எண்டு வாயால சொன்னவர், பிறகு குடுத்ததென்னவோ புனர்வாழ்வுக்குப் போனவையின்ர பட்டியல். 2022 டிசம்பரில கோட்ஸ் ஆளைக் கொண்டுவரச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. ஆள் வரேல்லை. ஆனா பட்டியல் இருக்கு எண்டு அவர் சொன்னது கோட்ஸ் பதிவில கிடக்கு, பதியிற மேசையில அக்கா கண்ட கொப்பியும் அதோட சேரும் எண்டுதான் லோயர் அதைக் கோடு போட்டு வச்சிருக்கிறா.

இப்ப நாங்கள் தேடுறது அண்டைக்கு அக்காவுக்குப் பக்கத்தில நிண்ட மனிசியை, ஜீப்பில வந்தவனை அவவும் கண்டிருக்கோணும். சுவிசில இருக்கிறா, போன் எடுத்தா வாற கிழமை கதைப்பம் எண்டுறா. வற்புறுத்த வேண்டாம் எண்டு லோயர் சொல்லியிருக்கிறா, என்ன கண்டனீங்கள் எண்டு நாங்கள் சொல்லிக் குடுக்கவும் கூடாதாம். இன்னொண்டு, வாக்குமூலம் எடுக்க எண்டு சொல்லி ஆரும் காசு கேட்டா குடுக்காதேங்கோ, எங்களிட்ட ஒரு சதமும் வாங்கேல்லை, பஸ் காசு கூட அவையள்தான் தந்தவை.