ஒரே உடம்பில் எத்தனை நோய்? எண்ணுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

68 வயது நோயாளி ஒருவரின் கோப்பை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை, பிபி, முழங்கால் தேய்மானம், தைராய்டு குறைவு, மனச்சோர்வு. சர்க்கரையால் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் எண்) 48-இல் நிற்கிறது. இவருக்கு எத்தனை நோய்? ஆறு என்பார் ஒருவர். சிறுநீரகப் பாதிப்பு சர்க்கரையின் விளைவுதானே, அதைத் தனியாக எண்ணலாமா, ஐந்துதான் என்பார் இன்னொருவர். நோய்களுக்கு எடை தந்து கூட்டும் சார்ல்சன் குறியெண் போட்டால் 2 வரும். மூன்றும் சரியான விடைகள்தான். கேள்விகள்தான் வேறு வேறு.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன 'இணைநோய்' என்பதற்கு ஒரு முதன்மை நோய் தேவை. 1970-இல் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் அந்தக் கருத்தை முன்வைத்ததே அப்படித்தான்: நாம் பார்க்கிற நோய் ஒன்று, அதோடு கூட வருபவை மற்றவை. புற்றுநோய் மருத்துவருக்குச் சர்க்கரை இணைநோய். சர்க்கரை மருத்துவருக்குப் புற்றுநோய் இணைநோய். பல்நோய் நிலையில் அப்படி நடுவில் உட்காரும் நோய் எதுவும் கிடையாது. ஒருவருக்கு இரண்டோ அதற்கு மேலோ நாள்பட்ட நோய்கள் இருந்தால் அது பல்நோய் நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு என்கிற இந்தக் கோடு முதியவர்களிடம் அதிகம் உதவாது. ஏறக்குறைய எல்லோரும் தாண்டிவிடுவார்கள். அதனால்தான் மூன்று நோய்கள், அவையும் மூன்று வெவ்வேறு உறுப்பு மண்டலங்களில் என்று இறுக்கிய வரையறையும் புழக்கத்தில் இருக்கிறது. யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று பிரித்தெடுக்க இது மேல்.

ஆனால் உண்மையான சண்டை, எந்தெந்த நோய்களை எண்ணுவது என்ற பட்டியலில்தான். 2021-இல் வெளிவந்த ஒரு முறையான மீளாய்வு 566 ஆய்வுகளைப் பார்த்தது. ஒரு ஆய்வில் பட்டியல் 2 நோய்களோடு நின்றது, இன்னொன்றில் 285 வரை போனது, இடைநிலை 17. பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில் இடம்பெற்ற நோய்கள் வெறும் எட்டு. பட்டியல் நீள நீள விழுக்காடும் ஏறும். ஆகவே பட்டியலைச் சொல்லாமல் 'இத்தனை சதவீதம் பேருக்குப் பல்நோய்' என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 12 நோய்களுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பது பழைய பரிந்துரை. இன்றும் கீழ் எல்லையாகக் கொள்ளலாம்.

மனநலக் கோளாறுகளைப் பட்டியலில் விட்டுவிடுவதுதான் நான் பார்ப்பவற்றில் பெரிய பிழை. 2012-இல் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு 17.5 லட்சம் பேரின் பதிவுகளில் 40 நோய்களை, மனநோய்களையும் சேர்த்து, தேடியது. 23.2 சதவீதத்தினருக்குப் பல்நோய். தலையெண்ணிக்கையில் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களே அதிகம். மிக வசதி குறைந்த பகுதிகளில், மிக வசதியான பகுதிகளைவிட 10-15 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 'இது முதியோர் பிரச்சினை' என்று வைத்துக்கொண்டு பட்டியல் போட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

பட்டியலில் பெயர் எழுதினால் போதாது. ஒவ்வொன்றுக்கும் 'எப்போது இருக்கிறது என்று எண்ணுவேன்' என்ற விதி வேண்டும். பிபிக்கு 140/90-ஆ, அமெரிக்க வழிகாட்டுதல் 2017-இல் இறக்கிய 130/80-ஆ? சிறுநீரக நோய்க்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதாது. இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழே மூன்று மாதமாவது நீடிக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றுப்போக்கில் நீர் வற்றி வந்தவரும் நாள்பட்ட நோயாளி ஆகிவிடுவார்.

மருந்துச் சீட்டை வைத்து நோயை ஊகிப்பது வசதி, ஆனால் வழுக்கும். சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினைப் பிசிஓடிக்கும் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) தருகிறார்கள். அமிட்ரிப்டிலின் பல நேரம் மனச்சோர்வுக்கல்ல, நரம்பு வலிக்கு. பிபி மருந்தான ப்ரோப்ரனலால் ஒற்றைத் தலைவலிக்கும் நடுக்கத்துக்கும் போகும். தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சின் மட்டும் பெரும்பாலும் ஏமாற்றாது. மற்றவற்றுக்கு மருந்தோடு நோய்க் குறியீடும் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி வைப்பதே பத்திரம்.

எத்தனை ஆண்டு பின்னோக்கிப் பார்ப்பது? ஓராண்டு மட்டும் பார்த்தால் ஆறு ஆண்டுக்கு முன் வந்த மாரடைப்பு தப்பிவிடும். எல்லாக் காலமும் பார்த்தால் இருபது ஆண்டுக்கு முன் குணமான புற்றுநோய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே கால அளவை எல்லாவற்றுக்கும் பொருத்தாதீர்கள். ஸ்காட்லாந்து ஆய்வே புற்றுநோய்க்கு மட்டும் கடைசி ஐந்து ஆண்டு என்று வைத்தது.

இனி எடை போடும் கருவிகள். 1987-இன் சார்ல்சன் குறியெண்ணில் 19 நிலைகள், 1, 2, 3, 6 என்று எடைகள். ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பைக் கணிக்கச் செய்தது. நம் நோயாளிக்கு வந்த 2 உறுப்புப் பாதிப்போடு கூடிய சர்க்கரைக்கு. பிபி, மூட்டு, தைராய்டு, மனச்சோர்வு நான்கும் பூஜ்யம், பட்டியலிலேயே இல்லை. சிறுநீரகம்? மூல வடிவில் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) 3-ஐத் தாண்ட வேண்டும், அதனால் அதுவும் பூஜ்யம். ஐசிடி-10 (நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியல்) குறியீட்டுக்கு மாற்றிய வடிவத்தில் நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற குறியீடே போதும், இன்னொரு 2 ஏறி 4 ஆகிவிடும். ஆள் அதே ஆள்! எந்த வடிவம் என்று எழுதாத கட்டுரைகள் இங்கேதான் கவிழ்கின்றன. வயது சேர்த்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, பகுப்பாய்வில் வயதைத் தனியாகவும் போடுவது இன்னொரு வாடிக்கையான தவறு. வயது இரண்டு முறை எண்ணப்படும்.

1998-இன் எலிக்ஸ்ஹவுசர் பட்டியலில் 30 நிலைகள். பிபி, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் உண்டு. பின்னால் அதற்கு எடை தந்தபோது உடல்பருமனுக்கு -4, மனச்சோர்வுக்கு -3 என்று வந்தது. பருமன் உயிரைக் காக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உயிருக்குப் போராடும் நோயாளியின் விடுவிப்புச் சுருக்கத்தில் யாரும் பருமனை எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். லேசான நோயாளிக்குத்தான் எழுதுவார்கள். எண்ணில் தெரிவது பதிவு செய்யும் பழக்கத்தின் சாயலும்தான்.

இறப்பைக் கணிக்க இந்த இரண்டும் போதும். வலி, நடமாட்டம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதெல்லாம் கேள்வியானால், எடையில்லாத எளிய எண்ணிக்கையே நேர்மையானது. முழங்கால் தேய்மானத்துக்கு அங்கேதான் மதிப்பு.

எந்த நோய்கள் சேர்ந்து வருகின்றன என்று தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 40 நோய்களில் 780 ஜோடிகள், 9,880 மும்மைகள். தற்செயலாகவே பல 'உறவுகள்' முளைக்கும். 20 சதவீதத்தினருக்குப் பிபி, 10 சதவீதத்தினருக்குச் சர்க்கரை என்றால் இரண்டும் சேர்ந்து 2 சதவீதத்தினரிடம் சும்மாவே இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு என்று பாருங்கள், அதையும் வயதுப் பிரிவுக்குள் பாருங்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து இதைச் செய்ய வேண்டாம்: இரண்டு நோய் உள்ளவர் வந்து சேர இரண்டு காரணங்கள் இருக்கின்றன, அதனால் அங்கே தெரியும் உறவுகள் உண்மையிலிருந்து திரிந்திருக்கலாம்.